இழப்பீடு போதாது, மண்ணைச் சரிசெய்து கொடுங்கள்

எங்கள் வயலில் குழாய் பதித்த எண்ணெய் நிறுவனத்தாருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம். குழாய் உடைந்ததும் எண்ணெய் பரவியதும் உங்கள் கோப்பில் இருக்கும். ஒரு போகத்துக்கு இழப்பீடு கொடுத்தீர்கள். மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு எங்கிருந்தோ மண் கொண்டுவந்து நிரவினீர்கள். வேலை முடிந்தது என்று கையெழுத்தும் கேட்டீர்கள்.

வேலை முடியவில்லை ஐயா. பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கும்போது எங்கள் சம்பா நடவு பச்சை பிடிக்கவே இல்லை. ஒரு குத்தைப் பிடுங்கினால் வேர் கறுத்து, மண்ணெண்ணெய் வாடை அடிக்கிறது. அறுப்புக்குப் பின் காய்ந்த கட்டியில் தண்ணீர் விட்டால் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. வந்து பார்த்தவர்கள் யூரியாவை இன்னும் அதிகமாகப் போடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

எண்ணெயைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலேயே உண்டு. எண்ணெயில் தழைச்சத்து (நைட்ரஜன்) கிடைக்காததால் அவை பயிரின் பங்கை இழுத்துக்கொள்கின்றன. தொழு உரத்தோடு தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) கணக்காகச் சேர்த்து, உழுது காற்றுப் படவிட்டால் எண்ணெய் சீக்கிரம் சிதையும். எண்ணெயோடு வரும் உப்புநீரும் கலந்திருந்தால் ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி வடிக்க வேண்டும். டெரி (TERI) ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்ஜாப்பர்' நுண்ணுயிர்க் கலவையை எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் கசடுக் குழிகளுக்குப் பயன்படுத்துகின்றன. குழிக்குக் கிடைக்கும் வைத்தியம் சோறு போடும் வயலுக்குக் கிடைக்கக் கூடாதா?

தண்ணீர் நிற்கும் நெல் வயலில் காற்றில்லாமல் இந்த வேலை மிக மெதுவாகத்தான் நடக்கும். எங்களுக்குக் கிடைப்பது அறுப்பு முடிந்து, வழக்கப்படி ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் வரையிலான கோடை மட்டும்தான். அந்தக் கோடையைத்தான் "கோப்பு மேலே போயிருக்கிறது" என்று சொல்லியே கழிக்கிறீர்கள். மண்ணைச் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்பது அவ்வளவு பெரிய கோரிக்கையா?

2017இல் தஞ்சை மாவட்டம் கதிராமங்கலத்தில் வயலில் எண்ணெய் கசிந்தபோது ஊரே திரண்டது, சிறைக்குப் போனவர்களும் உண்டு. 2020இல் டெல்டாவைக் காக்கச் சட்டம் வந்தது. ஏற்கெனவே ஓடும் குழாய்களை அது தொடவில்லை. குழாய் உடைந்தால் நிலத்தை யார் மீட்பது என்று அப்போதே தீர்த்திருக்க வேண்டாமா?

சரி, கேட்பதற்கு வருகிறேன். தயவுசெய்து பங்குனிக்குள் மண் மாதிரி எடுங்கள். எண்ணெய் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற முடிவை எங்கள் கையிலும் கொடுங்கள். எரு, ஜிப்சம், உழவுக் கூலி எல்லாம் நிறுவனத்தின் செலவாக இருக்கட்டும். சோதனையில் மண் தேறும்வரை போகத்துக்குப் போகம் இழப்பீடு தாருங்கள். ஆள் வரும் தேதியை முன்கூட்டியே சொன்னால் நாங்களும் வயலில் இருப்போம்.

இப்படிக்கு,
டெல்டா விவசாயி ஒருவர்