பைபிளில் முரண்பாடே இல்லை என்று சவால் விடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கடலூரிலும் புதுச்சேரியிலும் சண்டே ஸ்கூல், மறைக்கல்வி, வாலிபர் கூட்டம் நடத்துகிற அண்ணன்மார், அக்காமார், பாஸ்டர் ஐயாமார், உபதேசியார்கள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். "வேதத்தில் ஒரே ஒரு முரண்பாடு காட்டு, நான் ஊழியத்தையே விட்டுவிடுகிறேன்" என்று மைக்கைப் பிடித்துச் சவால் விடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அல்லேலூயா சத்தம் கிடைக்கும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பதினாறு வயதுப் பையன் நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்கிறான், ஒன்று கிடைத்தால் மொத்தமும் போச்சு என்று. அப்புறம் ஒருநாள் வாட்ஸ்அப்பில் யாரோ அவனுக்கு முரண்பாடுகளின் பட்டியல் ஒன்றை அனுப்புகிறார்கள், அவன் அந்த ராத்திரியே சபையோடு கணக்கை முடித்துவிட்டுப் போய்விடுகிறான், நீங்கள் அடுத்த வாரம் "பையனுக்கு ஆவிக்குரிய வாழ்க்கையில் சோர்வு" என்று ஜெபக்குறிப்பு எழுதுகிறீர்கள்.

நான் இறையியல் படித்தவன் இல்லை. மஞ்சக்குப்பத்தில் லுத்தரன் வீட்டில் வளர்ந்தவன், மனைவி புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டு அலமாரியில் 66 புத்தகம் உள்ள பைபிளும் 73 புத்தகம் உள்ள பைபிளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. மாமனார் வந்தால் தரங்கம்பாடி லுத்தரன் மிஷனரிகளும் கத்தோலிக்கரான வீரமாமுனிவரும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்குவார். அதனால் இரண்டு பக்கத்துப் பிரசங்கமும் எனக்குப் பழக்கம், இரண்டு பக்கத்துச் சமாளிப்பும் பழக்கம்.

முதலில் உங்களுக்குச் சாதகமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த வாட்ஸ்அப் பட்டியல்களில் பாதி குப்பை. மத்தேயு 8-ல் நூற்றுக்கு அதிபதி தானே வந்து இயேசுவிடம் பேசுகிறான், லூக்கா 7-ல் யூத மூப்பர்களை அனுப்புகிறான். இதெல்லாம் ஒரு முரண்பாடா? ஆள் அனுப்பிச் சொன்னதை "கலெக்டர் சொன்னார்" என்றுதானே நாமும் சொல்கிறோம். கல்லறையில் ஒரு தூதனா இரண்டா, எரிகோவில் ஒரு குருடனா இரண்டு பேரா என்பதும் ஏறக்குறைய இந்த ஜாதிதான். தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30 காலையைப் பற்றி எங்கள் தெருவில் நாலு வீட்டில் கேட்டால், முதலில் மரம் விழுந்ததா, ஓடு பறந்ததா, எத்தனை மணிக்கு என்பதில் நாலு பதில் வரும். அதற்காகப் புயலே அடிக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை. இந்த இடத்தில் நீங்கள் சொல்லும் விளக்கம் நல்ல விளக்கம், வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து யூதாவை ஆண்ட அகசியா ராஜா. 2 இராஜாக்கள் 8:26-ல் அவன் பட்டத்துக்கு வந்தபோது வயது 22. எபிரெயப் பிரதிகளின்படி 2 நாளாகமம் 22:2-ல் 42. இதற்கு முந்தின வசனங்களைப் பாருங்கள்: அவனுடைய அப்பா யோராம் 32 வயதில் ராஜாவாகி எட்டு வருஷம் ஆண்டு செத்துப்போகிறான், அதாவது 40 வயதில். மகன் அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவன்! இதைப் பார்த்ததும் சாதாரண மனிதன் என்ன சொல்வான்? நகல் எடுத்தவர் கை தவறியிருக்கிறது என்பான். சில பழைய பிரதிகளில் 22 என்றே இருக்கிறது, ஆக விஷயம் முடிந்தது. இதை ஒப்புக்கொண்டால் எந்த உபதேசமும் இடிந்து விழாது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் அகஸ்டின், பைபிளை லத்தீனுக்கு மொழிபெயர்த்த ஜெரோமுக்கு எழுதிய கடிதத்தில் இதைத்தான் சொல்கிறார்: வேதத்தில் உண்மைக்கு மாறாகத் தெரிகிற ஒன்றைக் கண்டால் பிரதி தவறாக இருக்கலாம், மொழிபெயர்த்தவர் பொருளைப் பிடிக்காமல் விட்டிருக்கலாம், அல்லது எனக்குப் புரியவில்லை என்று எடுத்துக்கொள்வேன் என்கிறார். "பிரதி தவறு" என்று சொல்ல அகஸ்டினுக்கே கூச்சம் இல்லை. நம் ஆட்கள் மட்டும் அந்த 42 ராஜாவின் வயது இல்லை, அவன் அம்மா வழி ஓம்ரி வம்சத்தின் வயது என்று சுற்றி வளைக்கிறார்கள்.

யூதாஸ் விஷயத்தில் பாதி வேலைதான் நடக்கிறது. மத்தேயுவில் நான்றுகொண்டு சாகிறான், அப்போஸ்தலர் 1-ல் தலைகீழாக விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். கயிறு அறுந்து விழுந்தான் என்கிறீர்கள். சரி, நடக்கக்கூடியதுதான். ஆனால் நிலத்தை வாங்கியது யார்? மத்தேயுவில் பிரதான ஆசாரியர்கள், இயேசுவைக் காட்டிக்கொடுத்ததற்கு வாங்கி, அவன் கோவிலில் எறிந்துவிட்டுப் போன காசில். அப்போஸ்தலரில் யூதாஸே. அதற்கு இரத்தநிலம் என்று பெயர் வந்த காரணமும் வேறு வேறு, மத்தேயுவில் அது இரத்தக்கிரயம், அப்போஸ்தலரில் அவனே அங்கே சிதறிக் கிடந்தான். அவன் காசில் வாங்கியதால் அவன் வாங்கியதாகவே கணக்கு என்று அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆனால் ஒரு கயிற்றை வைத்து இவ்வளவையும் கட்ட முடியாது என்பதை வகுப்பில் சொல்லாமல் விடுகிறோமே, அதைத்தான் பிள்ளைகள் பிற்பாடு கண்டுபிடிக்கிறார்கள்.

இனி எனக்கு ரொம்பவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். தாவீது ஜனத்தைத் தொகையிட்ட கதை, அதாவது மக்கள்தொகை எடுத்து, அது பாவம் என்று தண்டனை வாங்கிய கதை. 2 சாமுவேல் 24:1-ல் கர்த்தரின் கோபம் தாவீதை ஏவிவிடுகிறது. 1 நாளாகமம் 21:1-ல் சாத்தான் ஏவிவிடுகிறான். ஒரு சபையில், எந்தச் சபை என்பது வேண்டாம், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஆராதனை முடிந்ததும் இரண்டு இடத்திலும் விரலை வைத்துப் பைபிளை மாற்றி மாற்றிப் புரட்டிக் காட்டி, "அக்கா, ஏவிவிட்டது கர்த்தரா சாத்தானா?" என்று கேட்டாள். டீச்சர் பைபிளைப் பார்க்கவே இல்லை. "இந்தக் கேள்வியை உனக்குக் கொடுத்ததே சாத்தான்தான்" என்றார். நான் பக்கத்தில் பாய் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் கொஞ்சம் யோசித்து, "சாமுவேல்ல பார்த்தா கர்த்தர்தானேக்கா கொடுத்திருப்பாரு" என்றாள். இவளை அல்லவா சுவிசேஷ ஊழியத்துக்கு அனுப்ப வேண்டும்!

நாலு பேர் பார்த்தால் நாலு விதமாகச் சொல்வார்கள் என்ற பதில் இங்கே செல்லாது. நாளாகமத்தை எழுதியவர் எதையும் நேரில் பார்த்தவர் இல்லை. பாபிலோன் சிறையிருப்புக்கு அப்புறம், தாவீதுக்குப் பல நூறு வருஷம் கழித்து, சாமுவேலில் உள்ள அதே கதைகளை எதிரில் வைத்துக்கொண்டு எழுதுகிறவர். தெரிந்தேதான் மாற்றுகிறார். தாவீது அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட பத்சேபாள் கதையைப் பாருங்கள்: "தாவீது எருசலேமில் இருந்துவிட்டான்" என்ற தொடக்க வரி 1 நாளாகமம் 20:1-ல் அப்படியே இருக்கிறது, அதற்கு அப்புறம் வர வேண்டிய மொத்த அசிங்கமும் இல்லை. தொகைக் கதையிலும் எண்கள் மாறுகின்றன. தண்டனையாகச் சொல்லப்பட்ட பஞ்சம் சாமுவேலில் ஏழு வருஷம், நாளாகமத்தில் மூன்று. பலிபீடம் கட்டத் தாவீது வாங்கிய களத்துக்குக் கொடுத்தது அங்கே 50 வெள்ளிச் சேக்கல், இங்கே 600 சேக்கல் பொன். பின்னாளில் ஆலயம் எழும்பப்போகிற இடம் அது, ஐம்பது வெள்ளிக்கு வாங்கியதாக எழுத அவருக்கு மனசு வரவில்லை என்பது என் ஊகம். அங்கே களம் மட்டும், இங்கே முழு நிலமும் என்று நீங்கள் சொல்வீர்கள், சொல்லலாம்.

கர்த்தர் அனுமதித்தார், சாத்தான் செய்தான், யோபு புத்தகத்தில் வருவதுபோல, என்பதும் மோசமான பதில் இல்லை. நானே பாதி ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அது நாம் இரண்டையும் படித்துவிட்டுச் சொல்கிற மூன்றாவது பதில். சாமுவேலும் அதைச் சொல்லவில்லை, நாளாகமமும் அதைச் சொல்லவில்லை. தீமை எங்கிருந்து வருகிறது என்று ஒரே ஜனம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு விதமாகப் போராடியிருக்கிறது, இரண்டு பதிலையும் ஒரே புத்தகத்தில் வைத்துக் கட்டியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்குமா? நீதிமொழிகள் 26-ல் மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று 4-ஆம் வசனம், பதில் சொல் என்று 5-ஆம் வசனம். அடுத்தடுத்த வரி. இதை யாரும் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் பார்க்கவும் செய்திருக்கிறார்கள். இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நாலு சுவிசேஷத்தையும் பின்னி ஒரே கதையாக்கினார், சிரியா பக்கத்துச் சபைகளில் தலைமுறை தலைமுறையாக ஆராதனையில் அதைத்தான் வாசித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் தியோடரெட் என்ற ஆயர் தன் பகுதியில் இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிரதிகளை எடுத்து ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் நாலு சுவிசேஷங்களையும் திரும்ப வைத்தார். முரண்பாடு இல்லாத சுவிசேஷம் சபையின் கையில் இருந்தது ஐயா, சபைதான் அதை வேண்டாம் என்றது. இதை ஏன் எந்த கன்வென்ஷனிலும் சொல்ல மாட்டேன் என்கிறீர்கள்?

பின்னிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 1976-ல் அமெரிக்காவில் ஹெரால்ட் லிண்ட்செல் என்ற எழுத்தாளர் செய்ததைப் பாருங்கள். மாற்குவில் சேவல் இரண்டு தரம் கூவுகிறது, மற்றவற்றில் அப்படி இல்லை என்பதைச் சரிக்கட்ட, பேதுரு இயேசுவைத் தெரியாது என்று ஆறு முறை மறுதலித்தார் என்று கணக்குப் போட்டார். நாலு சுவிசேஷமும் மூன்று என்று ஒத்துப்போகிற ஒரே விஷயத்தையும் கெடுத்துவிட்டுப் போனார், வேதத்தில் பிழையே இல்லை என்று நிரூபிக்கப் புறப்பட்டவர்! மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் என்ற வேத அறிஞர், கோவிலைச் சுத்தப்படுத்திய சம்பவம் யோவானில் ஊழியத்தின் தொடக்கத்திலும் மற்ற மூன்றில் கடைசி வாரத்திலும் வருவதையெல்லாம் பேசும்போது, வெறும் சரித்திரமாகப் பொருத்திப் பார்க்கிறவனுக்குத் தலை சுற்றும் என்று எழுதிவிட்டார்.

உங்கள் சபை நிலைப்பாடு தடுக்கிறது என்றும் சொல்ல முடியாது. கத்தோலிக்கர்களுக்கு, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நம் மீட்புக்காகக் கடவுள் எழுதிவைக்க விரும்பிய உண்மையைத்தான் விவிலியம் பிழையின்றிப் போதிக்கிறது என்றது. பிழையே இல்லை என்று கடுமையாக நிற்கிற சுவிசேஷச் சபையாரின் 1978 சிகாகோ அறிக்கைகூடத் தோராயமான எண்களும், இணையான பகுதிகளில் விவரங்கள் வேறுபடுவதும் பிழையாகாது என்கிறது. அவர்களே விட்டுக்கொடுத்த இடத்தில் நீங்கள் ஏன் ஊழியத்தைப் பந்தயம் வைக்கிறீர்கள்?

நான் கேட்பது ஒன்றுதான். இந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாடம் எடுக்கும்போது மத்தேயு 1-ஐயும் லூக்கா 3-ஐயும் பக்கம் பக்கமாக வையுங்கள். யோசேப்பின் அப்பா அங்கே யாக்கோபு, இங்கே ஏலி. பிள்ளையில்லாமல் செத்த அண்ணனின் மனைவியைத் தம்பி கட்டி, பிறக்கும் பிள்ளையை அண்ணன் பெயரில் வளர்க்கும் வழக்கத்தை வைத்து மூன்றாம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கானுஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் சொன்ன விளக்கத்தைச் சொல்லுங்கள், மரியாளின் வம்சம் என்கிற விளக்கத்தையும் சொல்லுங்கள், ஆனால் லூக்கா மரியாள் பெயரை அந்தப் பட்டியலில் எழுதவே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மத்தேயு யோராமுக்கும் உசியாவுக்கும் நடுவில் மூன்று ராஜாக்களை விட்டுவிட்டுப் பதினான்கு என்று கணக்குக் காட்டுவதைப் பிள்ளைகளே விரல்விட்டு எண்ணட்டும். விடுபட்டவர்களில் ஒருவன் மேலே சொன்ன அகசியாதான். ஜெராக்ஸ் செலவு என்னுடையது, வகுப்புக்கு எத்தனை பேர் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சபை அங்கத்தினன்