நாடி எண்ணிய நோட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவைக்கு அப்புறம் கம்பு இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. பேத்திக்கு என் ஆசிகள்.

உனக்கு ஒரு நல்ல செய்தி. தஞ்சாவூர்ப் போட்டியில் பார்த்துவிட்டு “இந்தப் பிள்ளையை விட்டுடாதேடா” என்றாயே, அந்த எண்ணூறு மீட்டர் பொண்ணு போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பந்தயத்தில் ஓடினாள். ஆறாவது இடம். பழைய நேரத்தைவிட ஒன்பது விநாடி கூடுதல். எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தவளைப் பார்த்து நான் அழுதேன்.

அவளுக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற அளவுக்குத்தான் உனக்குத் தெரியும். நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய் அது. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு ஒரு நோட்டு கொடுப்பேனே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் கண் விழித்ததும், பாயை விட்டு எழுவதற்கு முன் நாடியை எண்ணி எழுத வேண்டும். பாதிப் பேர் ஒரு மாசத்தில் விட்டுவிடுவார்கள். இவள் கல்லூரிக்குப் போய் வேறு பயிற்சியாளரிடம் சேர்ந்த பிறகும் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஐம்பதைச் சுற்றி இருந்த நாடி மெல்ல மெல்ல ஏறி எழுபதைத் தாண்டியது. பயிற்சியைக் கூட்டவில்லை, ஆனாலும் ஏறியது. ராத்திரியில் தலையணை நனைகிற வியர்வை. கழுத்தில் ஒரு கட்டி, வலியே இல்லை. முதலில் பார்த்த இடத்தில் காசநோய் என்று மாத்திரை தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டில் இப்படி நடப்பது உண்டு. சாயங்காலக் காய்ச்சல், வியர்வை, எடை குறைவது எல்லாமே இரண்டு நோய்க்கும் பொதுதானே. மாத்திரை சாப்பிட்டும் கட்டி கரையவில்லை, நாடியும் இறங்கவில்லை. யாரும் சொல்லாமல் அவளே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு இன்னொரு டாக்டரிடம் போய்த் தேதி வாரியாகக் காட்டியிருக்கிறாள். அவர்தான் கட்டியிலிருந்து திசு எடுத்துச் சோதிக்கிற பயாப்ஸிக்கு எழுதிக் கொடுத்தார்.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு நானும் கூடப் போனேன். உடன்பிறந்தவளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய இடம். அவரும் எங்கள் புதுக்கோட்டைக்காரர்தான். எங்கள் ஊர்ப் பிள்ளையோடு அங்கே காத்திருந்தபோது அந்த அம்மாவுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

நான்கு மருந்து சேர்ந்த கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் ஆறு மாசம். அதில் ப்ளியோமைசின் என்று ஒன்று, சிலருக்கு நுரையீரலைப் பாதிக்கும். சிவப்பாக இறங்குகிற டாக்சோரூபிசின் இதயத்தைப் பலவீனமாக்கலாம். ஓடுகிறவளுக்கு அந்த இரண்டையும் விட்டால் வேறென்ன சொத்து இருக்கிறது? அப்பாவும் அம்மாவும் வாய் திறக்கவே பயந்து நின்றார்கள். அவள்தான் கேட்டாள்: “உயிர்தான் முதல்ல டாக்டர், அது எனக்குப் புரியுது. ஆனா நான் ஓட்டக்காரி. நுரையீரலைக் காப்பாத்த வழி இருக்கா?”

டாக்டர் பொறுமையாக விளக்கினார். இரண்டு சுற்று முடிந்ததும் பெட் ஸ்கேன் எடுப்பார்களாம். அதில் நோய் தெரியவில்லை என்றால் ப்ளியோமைசினை மட்டும் நிறுத்திவிட்டு மற்ற மூன்றையும் தொடரலாம், அதனால் குணமாகும் வாய்ப்பு பெரிதாகக் குறையாது என்று ஆய்வில் தெரிந்திருக்கிறது என்றார். ஸ்கேன் சுத்தமாக வந்தது. நிறுத்தினார்கள். எனக்கு அவளைப் பற்றி உள்ள பெருமையெல்லாம் அந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. தன் உடம்பை அவளே தெரிந்து வைத்திருந்தாள், அதற்காகப் பேசவும் தெரிந்திருந்தது.

செலவில் பெரும்பகுதியை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பார்த்துக்கொண்டது. மீதிக்குப் பழைய மாணவர்கள் கை கொடுத்தார்கள்.

முடியெல்லாம் கொட்டி அவள் பேசாமல் கிடந்த நாட்களில் யுவராஜ் சிங்கைப் பற்றிச் சொல்லுவேன். 2011 உலகக் கோப்பையில் சேப்பாக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டே 113 அடித்தது, பிறகு கீமோ, 2012 செப்டம்பரில் அதே சேப்பாக்கத்தில் நியூசிலாந்துக்கு எதிராகத் திரும்பி வந்து 34 எடுத்தது. “அந்த மேட்ச் ஜெயிச்சோமா சார்?” என்றாள். ஒரு ரன்னில் தோற்றோம் என்றேன். “பரவாயில்ல, வந்தாருல்ல” என்றாள்.

சிகிச்சை முடிந்ததும் முதலில் வெளி லேனில் வெறும் நடை. இதயத்தைப் பார்க்கிற எக்கோவும் நுரையீரல் சோதனையும் சரி என்று வந்த பிறகே மெதுஓட்டம். அவள் அவசரப்பட்டிருந்தால் தடுத்திருப்பேன், அதற்கு வேலையே வைக்கவில்லை. நோட்டில் நாடி கூடிய நாளெல்லாம் ஓய்வு. இப்போது சாயங்காலங்களில் சின்னப் பிள்ளைகளுக்கு அவளே நோட்டு கொடுத்துப் பழக்குகிறாள்.

அப்புறம், உன் மைதானத்துக் கோ-கோ பையனுக்குக் கழுத்தில் கட்டி, காசநோய் மருந்து கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அது காசநோயாகவே இருக்கலாம், அதனால் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்களா என்று கேள். பார்க்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நீயே கூட்டிப் போ. ஹாட்ஜ்கினாகவே இருந்தாலும் பெரும்பாலானவர்களுக்குக் குணமாகிற நோய், அவன் அம்மாவிடம் முதலில் இதைச் சொல். நம்ம பொண்ணு அந்த அம்மாவிடம் போனில் பேசுகிறேன் என்கிறாள். எப்போது கூப்பிடலாம் என்று உடனே எழுது.

உன் பழைய அறைத்தோழன்