மூன்று வயர் வோல்ட் மீட்டரின் தவறான இணைப்புப் படம் குறித்துப் புகார்

அனுப்புநர்: இன்வர்ட்டர் சர்வீஸ் கடை, சிந்தாதிரிப்பேட்டை, சென்னை
பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: 0–100 வோல்ட் டிஜிட்டல் மீட்டர் 10-ல் 3 கருகியது தொடர்பாக

ஐயா,

உங்களிடம் வாங்கிய 0.56 அங்குல மீட்டர்களில் மூன்றை 48 வோல்ட் பேட்டரி வரிசையில் இணைத்தோம். மூன்றும் கருகிவிட்டன. எங்கள் கடைப் பையன் உங்கள் பெட்டியில் இருந்த படத்தை அப்படியே பின்பற்றினான்: சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கி பாசிட்டிவில், கறுப்பை நெகட்டிவில்.

12 வோல்ட் பேட்டரிக்கு இது சரி. ஆனால் 0–100 என்பது மஞ்சள் வயர் அளக்கும் எல்லை மட்டுமே. மீட்டருக்கு உயிர் கொடுக்கும் சிவப்பு வயர் 4.5 முதல் 30 வோல்ட் வரைதான் தாங்கும். இதை நீங்களே உங்கள் விற்பனைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். பெட்டிக் காகிதத்தில் மூச்சே இல்லை. 48 வோல்ட் வரிசை சார்ஜ் ஆகும்போது 57 வோல்ட்டைத் தாண்டும். கருகியதைத் திறந்து பார்த்தால் உள்ளே வோல்ட்டைக் குறைத்துச் சீராக்கும் ரெகுலேட்டரின் தலையில் ஊசித்துளை, சுற்றிலும் போர்டு பழுப்பேறியிருக்கிறது. மஞ்சள் பக்க ரெசிஸ்டர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. தவறு எங்கே என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

24 வோல்ட்டிலும் உங்கள் படம் விளிம்பில்தான் நிற்கிறது: சாதாரண சார்ஜே 28.8 வோல்ட், ஈக்வலைஸ் (செல்களைச் சமப்படுத்தும் கூடுதல் சார்ஜ்) போட்டால் 30-ஐத் தொடும்.

சிவப்புக்குத் தனி 12 வோல்ட் சப்ளை கொடுத்து, அதன் நெகட்டிவைப் பேட்டரி நெகட்டிவோடு சேர்க்க வேண்டும் என்று படம் சொல்லியிருக்க வேண்டும். வோல்ட்டைக் குறைக்கும் வழக்கமான எல்.எம்.2596 போர்டு இதற்கு உதவாது, அதன் எல்லை 40 வோல்ட். 36–72 வோல்ட் உள்ளீடு உள்ள டிசி-டிசி கன்வர்ட்டர்தான் பொருத்தம். வரிசையில் கடைசி பேட்டரி ஒன்றிலிருந்து மட்டும் சிவப்புக்கு எடுப்பதும் வேண்டாம். 20 மில்லி ஆம்பியர்தானே என்று தோன்றும். நாளுக்கு அரை ஆம்பியர்-மணி வீதம் அந்த ஒரு பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

மிச்சமுள்ள ஏழிலும் குறை உண்டு. மல்டிமீட்டரில் 12.70 இருக்கும்போது இரண்டு 12.3 காட்டுகின்றன. 12.7 என்றால் நிறைந்த பேட்டரி, 12.2 என்றால் பாதி, இங்கே 0.4 வோல்ட் பிசகு சின்ன விஷயமில்லை. பின்னால் திருகிச் சரிசெய்ய பிரீசெட்டும் அந்த இரண்டில் இல்லை, அதன் இடம் காலியாக இருக்கிறது. ‘0.01 வோல்ட் துல்லியம்’ என்ற விளம்பரமும் பொருந்தாது: மூன்று இலக்க டிஸ்ப்ளே 10 வோல்ட்டுக்கு மேல் புள்ளிக்குப் பின் ஓர் இலக்கம்தான் காட்டும்.

கருகிய மூன்றையும் பிசகிய இரண்டையும் 15 நாளில் மாற்றித் தாருங்கள், அல்லது ஐந்துக்கும் பணத்தைத் திருப்புங்கள். பெட்டிப் படத்தில் சிவப்பு வயரின் 30 வோல்ட் எல்லையைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பில் நகலும் புகைப்படங்களும் இணைத்துள்ளோம். மீட்டர்களைக் கழற்றியபடியே வைத்திருக்கிறோம், ஆள் அனுப்பினால் காட்டுகிறோம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகம்