கசட்டு மேடுகளையும் கவனியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பழங்காலச் சுரங்கங்களையும் உலோகத் தொழிலையும் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். வாள்களுக்கும் அணிகலன்களுக்கும் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், அவற்றுக்கான உலோகத்தைத் தந்த உலைகளின் கசட்டை, அதாவது தாதுவை உருக்கும்போது உலோகத்திலிருந்து பிரிந்து கல்போல் இறுகும் எச்சத்தை, ‘கழிவு’ என்று ஒரே வரியில் கடந்துபோனதுதான் எனக்கு வருத்தம். செய்து முடித்த பொருள் கைமாறும், ஊர்விட்டு ஊர் போகும், உடைந்தால் மறுபடியும் உருக்கப்படும். கசடோ பெரும்பாலும் உலை எரிந்த இடத்தருகிலேயே கிடக்கும். எங்கே, எந்த முறையில், எவ்வளவு உலோகம் எடுத்தார்கள் என்று கேட்பவருக்கு அதுவே முதல் சாட்சி.

உலைக்கு வெளியே வழிந்து உறைந்த கசட்டின் மேல்முகத்தில், அது ஓடிய போக்கில் விழுந்த மடிப்புகளைக் காணலாம். உள்ளேயே தங்கி இறுகியதில் கரித்துண்டுகளின் அச்சு பதிந்திருக்கும். இரும்பு உருக 1538 பாகை செல்சியஸ் வெப்பம் தேவை. துருத்தியால் ஊதிய பழைய சிறு உலைகளில் ஏறத்தாழ 1200 பாகையில் கசடு மட்டும் உருகி வடிய, இரும்பு உருகாமலேயே துளைகள் நிறைந்த கட்டியாகத் திரண்டது. கசட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் உலையின் வெப்பநிலையையும் தாதுவின் தன்மையையும் கணிக்க முடிகிறது. அதில் சிக்கிய கரியோ காலத்தையும், எந்த மரத்தை வெட்டி எரித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இஸ்ரேலின் திம்னா பள்ளத்தாக்கில் செம்பு உருக்கிய குன்று ஒன்றைச் சுற்றி மதில் இருந்ததால், தப்பியோடாமல் அடிமைகளை அடைத்து வைத்த இடம் அது என்று நெடுங்காலம் நம்பினார்கள். தொல்லியலாளர் எரேஸ் பென்-யோசெப் குழுவினர் அங்கே அகழ்ந்தபோது, வேலை செய்தவர்கள் நல்ல இறைச்சியையும் தொலைவிலிருந்து வந்த மீனையும் உண்டதை எலும்புகள் காட்டின; காலமும் கி.மு. 10ஆம் நூற்றாண்டு என்று தெரியவந்தது. உலையருகே நின்றவர்கள் மதிக்கப்பட்ட கைவினைஞர்கள் என்ற முடிவுக்கு ஆய்வாளர்களைக் கொண்டுவந்தது, யாரோ தின்றுவிட்டு எறிந்த எலும்பு!

ராஜஸ்தானின் ஜாவர் இன்னும் வியப்பானது. துத்தநாகம் 907 பாகையிலேயே ஆவியாகிவிடும் என்பதால், திறந்த உலையில் அது கைக்குச் சிக்காது. அங்கிருந்தவர்கள் கத்தரிக்காய் வடிவ மண் வாலைகளில் (ஆவியாக்கி வடிக்கும் கலங்களில்) தாதுவை அடைத்து, ஓர் உலைக்கு 36 வீதம் தலைகீழாக நிறுத்தி, ஆவியைக் கீழ்நோக்கி இறக்கிக் குளிரவைத்துப் பிடித்தார்கள். 1980களில் நடந்த அகழாய்வில் உலைகள் வெளிப்பட்டன. தீர்ந்த வாலைகளோ மலைபோல் குவிந்திருந்ததோடு, வீட்டுச் சுவர்களாகவும் அடுக்கப்பட்டிருந்தன. இந்த நுட்பத்துக்குத் தனிக் கட்டுரையே எழுதலாம், எழுதவும் வேண்டும்.

இத்தனை சேதி சொல்லும் மேடுகளைச் சாலைக்கும் பள்ளம் நிரப்பவும் அள்ளிப் போவது பல நாடுகளில் நடந்திருக்கிறது. இத்தாலியின் போப்புலோனியாவில், ரோமர்களுக்கு முன் அங்கே செழித்த எட்ருஸ்கர் என்ற மக்களின் காலத்துக் கசட்டில் இரும்பு மிகுதியாக எஞ்சியிருந்ததால், 20ஆம் நூற்றாண்டில் அதைத் தோண்டியெடுத்து மீண்டும் உருக்கினார்கள். அடியில் மறைந்திருந்த கல்லறைகள் வெளிப்பட்டன என்பது உண்மைதான். ஆனால் அள்ளிய இடங்களில் கசட்டின் அடுக்குகள் கலைந்து போயின. அடுக்கு கலைந்தபின் எந்த ஆய்வுக்கூடமும் அதை மீட்டுத் தர முடியாது.

எனவே, கசடும் ஊதுகுழாயும் உலோகம் உருக்கும் கிண்ணமான மூசையின் உடைந்த துண்டும் எப்படி இருக்கும் என்பதைத் தெளிவான படங்களோடு தாங்கள் வெளியிட வேண்டும் என்றும், அவற்றைக் காண நேர்பவர்கள் இடத்தைவிட்டு எடுக்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்கும்படி அதனுடன் ஒரு குறிப்பும் சேர்க்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்