"சும்மாதான் கேட்டேன்"னு போனை வச்சிடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் ராமேஸ்வரம் பக்கத்துல தங்கச்சிமடம், எங்க வீட்டுக்காரர் விசைப்படகுல போறவங்க. போன மாசம் ஒரு புதன்கிழமை மீன்துறை அனுமதி டோக்கன் வாங்கிட்டு கடலுக்குப் போனாங்க, மறுநாள் விடியக்காலைல கரைக்கு வரணும், 9 மணி ஆகியும் காணோம். அந்த நேரம் பாத்து கொழுந்தனார் போன் பண்ணி "மதினி, அண்ணே பேசுச்சா"ன்னு கேட்டாரு, இல்லையேன்னேன், "சரி சரி, சும்மாதான் கேட்டேன்"னு வச்சிட்டாரு. அந்த "சும்மாதான்"ல எனக்கு கை காலெல்லாம் விட்டுப்போச்சுங்க, இலங்கை நேவி புடிச்சிட்டான், இவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு, நம்மகிட்ட சொல்லத்தான் பயப்படுறாங்கன்னே முடிவு பண்ணிட்டேன். பக்கத்து வீட்டு அக்கா வந்து ஒண்ணும் பேசாம தண்ணி மோந்து குடுத்தாங்க, அதையும் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன். 11 மணிக்கு போட் வந்துச்சு, இன்ஜின் கோளாறு. கொழுந்தனார் கேட்டது ஏதோ பண விஷயமாம்.

எங்க கரையில சுத்தி வளைச்சுப் பேசுறது புதுசில்ல. கடலுக்குக் கெளம்புறவங்க "போறேன்"னு சொல்லமாட்டாங்க, "போயிட்டு வாறேன்"தான், நாங்களும் எங்கன்னு கேக்கமாட்டோம். பொண்ணு பாத்துட்டு "வீட்ல கலந்து பேசிட்டு சொல்றோம்"னா மூஞ்சியப் பாத்தே புரிஞ்சுக்குவோம். போன்ல மூஞ்சி இல்ல, வாட்ஸ்அப்ல குரலும் இல்ல, அப்ப நம்ம மனசுல என்ன பயம் கெடக்கோ அதுதான் அர்த்தமாயிடுது.

பேப்பர்லயும் இதே கதைதான். "ராமேஸ்வரம் மீனவர்கள் சிறைபிடிப்பு?"ன்னு கேள்விக்குறி வச்சுப் போடுறாங்க. ராமேஸ்வரம்னா எது, பாம்பனா, தங்கச்சிமடமா, மண்டபமா? படிக்கிற ஒவ்வொரு பொம்பளையும் தன் வீடுன்னுதான் நெனைப்பா. பாம்பன்ல புயல் கூண்டு ஏத்துறாங்கல்ல, 1ன்னா தூரத்துல புயல் சின்னம், 3ன்னா நம்ம துறைமுகத்துக்கே பலத்த காத்து, அதுல ஆளுக்கொரு அர்த்தம் எடுக்க வழியில்ல பாருங்க. அந்த மாதிரி ஊரு பேரு, எத்தனை பேரு, படகு நம்பர், சொன்னது யாருன்னு போடுங்க, உறுதியாகலன்னா உறுதியாகலன்னே எழுதுங்க, கேள்விக்குறி வேணாம்.

சொந்தக்காரங்க, கூட்டாளிங்களுக்கும் ஒரு வார்த்தை. கடலுக்கு ஆளை அனுப்பிட்டு உக்காந்திருக்க வீட்டுக்கு போன் பண்ணா மொதல்ல "ஒண்ணுமில்ல, எல்லாரும் நல்லாருக்காங்க"ன்னு சொல்லுங்க, பெறகு பணமோ வலையோ பேசுங்க. கொழுந்தனார் இப்பல்லாம் அப்படித்தான் ஆரம்பிக்கிறாரு.

இப்படிக்கு,
ஒரு மீனவர் மனைவி, தங்கச்சிமடம்