மாலை போட்ட படம் போதும், பேசியதைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் கடிதப் பகுதியில் ஈப்போ வாசகர் ஒருவர், மலேசிய நாடாளுமன்றத்தின் மேலவையை இழுத்து மூடிவிடலாம் என்று எழுதியிருந்தார். தேர்தலில் தோற்றவர்களுக்கும் கட்சிக்குக் கொடி பிடித்தவர்களுக்கும் கொடுக்கிற ஆறுதல் பரிசுதான் செனட்டர் பதவி என்பது அவர் வாதம். அவர் கோபத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. ஆனால் அங்கே யார் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமலேயே நாம் எல்லாரும் தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குறையில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு என்பதால்தான் இந்தக் கடிதம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் இதழையே எடுத்துக்கொள்கிறேன். ஒருவர் செனட்டராகப் பதவி ஏற்றால் கழுத்து நிறைய மாலையோடு படம் வருகிறது. பக்கத்தில் வட்டாரத் தலைவர், கீழே அரைப் பக்கத்துக்கு வாழ்த்து விளம்பரம். மூன்று ஆண்டு கழித்து இரண்டாம் தவணை கிடைத்தால் மறுபடியும் அதே மாலை, அதே படம். இடையில் அவர் அவையில் வாய் திறந்தாரா, திறந்தால் எதைப் பற்றி என்று ஒரு வரி கிடையாது. இரண்டு தவணைக்கு மேல் யாருக்கும் அனுமதி இல்லாததால், ஆறாண்டு ஓடியதும் ஆள் மாறிவிடுகிறார். அவர் என்ன செய்துவிட்டுப் போனார் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை.

இத்தனைக்கும் எல்லாமே பொதுவில் கிடக்கிறது. நாடாளுமன்றத்தின் இணையத்தளத்தில் 1959 முதல் மேலவை ஹன்சார்ட், அதாவது அவையில் பேசியதன் முழுப் பதிவு, இருக்கிறது. காசு கொடுக்க வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். மலாய் படிக்கத் தெரிந்தால் போதும். முதல் பக்கங்களில் அன்றைக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை என்ற பட்டியல். (கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் தவறாமல் வருகிற ஒரு சிலரின் பெயரை அந்த இரண்டாவது பட்டியலில் தேடிப் பாருங்கள், சுவாரசியமாக இருக்கும்.) அடுத்து கேள்வி நேரம், அப்புறம் மசோதா. பேச்சின் ஓரத்தில் ஒரு சிறிய கறுப்புக் கட்டமும் பக்கத்தில் நேரமும் அச்சாகியிருக்கும். எத்தனை மணிக்குப் பேசிக்கொண்டிருந்தார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். உறுப்பினர்கள் சிரித்தால் அடைப்புக்குறிக்குள் ‘கெத்தாவா’, மேசையைத் தட்டினால் ‘தெப்போக்’. நடுவில் ஆங்கிலம் கலந்தால் அந்தச் சொல் மட்டும் சாய்ந்த எழுத்தில் நிற்கும். எதுவும் தப்பாது.

இப்படிச் சில அமர்வுகளைப் படித்தாலே தரம் பிரிந்து தெரியும். ஒரு வகைப் பேச்சு, அவைத் தலைவருக்கு நன்றி, பிரதமருக்கு நன்றி, கட்சித் தலைவருக்கு நன்றி என்று தொடங்கி, பந்துன் என்கிற மலாய்க் கவிதை ஒன்றைச் சொல்லி, நேரம் முடியப் போகிறது என்று தலைவர் நினைவூட்டும்போதுதான் விஷயத்துக்கே வரும். வந்ததும் தமிழ்ப்பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் வேண்டும் என்று ஒரு வரி. எந்தப் பள்ளி, எந்தக் கட்டடம், எத்தனை ஆண்டாக நிலுவை என்று எதுவும் இருக்காது. இதற்கு அமைச்சர் என்ன பதில் சொல்ல முடியும்? கவனத்தில் கொள்கிறோம் என்பார். முடிந்தது.

இன்னொரு வகை, துறை தெரிந்தவர் பேசுவது. பினாங்கிலிருந்து மேலவைக்குப் போன டாக்டர் லிங்கேஸ்வரன், சுங்கை பாக்காப் மருத்துவமனையின் முன்னாள் இயக்குநர். மருத்துவர் பற்றாக்குறையைப் பற்றியும், 2016இன் இறுதியில் வந்த ஒப்பந்த மருத்துவர் முறையைப் பற்றியும் மருத்துவமனையை நடத்திப் பார்த்த ஒருவர் கேட்டால், எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற துணையமைச்சர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரத்தான் வேண்டும். அவர் எந்தக் கட்சி என்பது எனக்கு இங்கே முக்கியமில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நியமன உறுப்பினர்களைப் பற்றிச் சொல்வதும் இதைத்தான்: பொதுச் சேவையில் சிறந்தவர்கள், தொழில், வணிகம், விவசாயம், கலை, சமூகப் பணி ஆகியவற்றில் பேர் பெற்றவர்கள், சிறுபான்மை இனங்களின் பிரதிநிதிகள், பூர்வகுடிகளின் நலனைப் பேசக்கூடியவர்கள். கட்சிக் கிளைத் தலைவர் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை!

அந்தப் பிரிவு ஒழுங்காக நடைமுறைக்கு வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. பார்வையற்ற பொருளியல் பேராசிரியர் இஸ்மாயில் முகமட் சாலே 2007இல் மாற்றுத் திறனாளிகளின் சார்பில் செனட்டர் ஆனார். அடுத்த ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் வந்தது. பின்னர் அதே இடத்துக்கு நம் பெண்மணி பத்மாவதி கிருஷ்ணன் சக்கர நாற்காலியில் போய் அமர்ந்தார். அந்த 2008 சட்டத்தை மீறினால் தண்டனை என்ன என்று சட்டத்திலேயே இல்லை. இது இன்றுவரை தீராத குறை. அதைத் தன் உடம்பில் சுமக்கிறவர் எழுந்து சொல்வதற்கு நம் நாட்டில் தேர்தல் அரசியல் இடம் கொடுக்காது. தொகுதிப் பங்கீட்டில் யார் அவருக்கு சீட் தருவார்கள்? மேலவையை மூட வேண்டும் என்கிற ஈப்போ அன்பர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மேலவைக்கு அதிகாரமே இல்லை, வெறும் ரப்பர் முத்திரை என்கிறார்கள். 2018 செப்டம்பர் 12ஆம் தேதியை மறந்துவிட்டார்கள் போலும். பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டத்தை ரத்து செய்யும் மசோதாவை, புதிய அரசாங்கம் மக்களவையில் நிறைவேற்றி அனுப்பியது. மேலவையில் 21 பேர் ஆதரித்தார்கள், 28 பேர் எதிர்த்தார்கள், 3 பேர் எந்தப் பக்கமும் சேரவில்லை. மசோதா விழுந்தது. மக்களவை ஏற்றதை மேலவை தள்ளியது அதுவே முதல் முறை என்று அப்போது எழுதினார்கள். அப்போது மேலவைத் தலைவராக இருந்தவர் நம் டான்ஸ்ரீ விக்னேஸ்வரன். எனக்கு அந்த முடிவு பிடிக்கவில்லை. பத்திரிகைக்காரர்களைச் சிறையில் தள்ளக்கூடிய சட்டத்துக்கு உயிர் கொடுத்த வேலை அது. ஆனால் பழைய கூட்டணி ஆட்சியை விட்டுப் போன பிறகும் அதன் உறுப்பினர்கள் மேலவையில் பெரும்பான்மையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அன்றைக்குத்தான் நாடு பார்த்தது. சாதாரண மசோதாவை மேலவை ஓராண்டு தாமதப்படுத்தலாம், நிதி மசோதாவை ஒரு மாதம். அந்த ரத்து மசோதாவை 2019 அக்டோபரில் மக்களவை மீண்டும் நிறைவேற்றிய பிறகு, டிசம்பரில்தான் மேலவை வழிவிட்டது.

ஆனால் பத்திரிகைகள் பக்கம் பழைய கதைதான், குடியுரிமைத் திருத்தம் வந்தபோது பார்த்தோம். 2024 அக்டோபரில் மக்களவையிலும் டிசம்பரில் மேலவையிலும் அது நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு அது நல்ல செய்தி. நாமும் கொண்டாடினோம். ஆனால் அதே திருத்தத்தில், நிரந்தர வசிப்பிடத் தகுதி மட்டும் உள்ள பெற்றோருக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகள் தானாகவே குடியுரிமை பெறும் வழி அடைபட்டது. சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்கிறவர்கள் தோட்டப்புறத்திலிருந்து வந்த நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த விவாதத்தில் நம் செனட்டர்களில் யார் எழுந்து கேட்டார், யார் கேட்காமல் கை தூக்கினார் என்று எந்தத் தமிழ் ஏட்டிலாவது முழுதாக வந்ததா? என் கண்ணில் படவில்லை. அரசமைப்புத் திருத்தத்துக்கு மேலவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும், ஆகவே அங்கே கேள்வி கேட்பது வீண் வேலையும் இல்லை.

பினாங்குக்காரன் என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மலாயாவில் அந்நாளில் நகராட்சித் தேர்தல் முதலில் நடந்தது எங்கள் ஜார்ஜ்டவுனில், 1951இல். ஜார்ஜ்டவுனின் மேயராக இருந்தவர் டி. எஸ். ராமநாதன், அவர் பெயரில் இன்றும் இங்கே ஒரு சாலை இருக்கிறது. 1965இல் ஊராட்சித் தேர்தல்களை நிறுத்தி வைத்தபோது, உள்ளாட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச ஆணையம் அமைத்தார்கள். அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றங்கள்தான் வேண்டும் என்று 1968இல் அவர் அறிக்கை கொடுத்தார். அரசாங்கம் ஏற்கவில்லை. 1976இல் சட்டமே போட்டுத் தேர்தலை ஒழித்தார்கள். பினாங்கு மாநிலம் தானே தேர்தல் நடத்தப் பார்த்தபோது 2014இல் கூட்டரசு நீதிமன்றம் முடியாது என்றது. இருந்தும் உள்ளாட்சித் தேர்தல் பற்றி யார் பேசினாலும் அந்த அறிக்கையை எடுக்காமல் பேச முடிவதில்லை. ஒரு செனட்டரின் வேலை அது. இன்றைய தலைமுறையில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? பெயர் சொல்லிக் கேட்டால், நேதாஜியின் பெண்கள் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவரா என்பார்கள். அந்த அம்மையாரும் பின்னாளில் மேலவையில் இருந்தவர்தான்.

சரி, என்ன செய்யலாம்? மேலவையில் மொத்தம் 70 இடம். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன, மற்ற 44 பேர் பிரதமரின் ஆலோசனைப்படி மாமன்னர் நியமிப்பவர்கள். நாம் யாரும் யாருக்கும் ஓட்டுப் போடுவதில்லை. மாநில உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கவும் நியமன இடங்களைக் குறைக்கவும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்று அதே 45ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை, வருகிற அறிகுறியும் இல்லை. ஆகவே இப்போதைக்கு இவர்களுக்கு இருக்கக்கூடிய ஒரே பயம் பத்திரிகைதான்.

மேலவை ஒவ்வொரு முறை கூடி முடிந்ததும் உங்கள் ஞாயிறு இதழில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். யார் வந்தார், யார் எந்தக் கேள்வி கேட்டார், அமைச்சர் சொன்ன பதில் என்ன. இந்தப் பதில்தான் முக்கியம். ஆய்வில் இருக்கிறது, ஆவன செய்வோம் என்று அமைச்சர்கள் சொல்வதெல்லாம் இப்போது கிணற்றில் போட்ட கல். அதைத் தேதியோடு அச்சிட்டு, ஆறு மாதம் கழித்து அந்தச் செனட்டரையே அழைத்து என்ன ஆயிற்று என்று கேளுங்கள். மறுபடியும் எழுப்பினாரா, எழுத்துபூர்வ பதிலாவது வாங்கினாரா என்று அவர் சொல்லட்டும். நன்றாகப் பேசியவரையும் விட்டுவிடாதீர்கள். அவர் பேச்சைத் தமிழில் முழுதாகப் போடுங்கள், அதைவிடப் பெரிய மாலை அவருக்கு வேண்டாம்.

எல்லாரையும் ஒரே நேரத்தில் கவனிப்பது கஷ்டம் என்றால், பினாங்குச் சட்டமன்றம் அனுப்பும் இரண்டு பேரிலிருந்து தொடங்கலாம். அடுத்த அமர்வின் ஹன்சார்ட் வந்ததும் நானே படித்து, பக்க எண்ணோடு தமிழில் குறிப்பெடுத்து அனுப்பத் தயார். சம்பளம் வேண்டாம், வெட்டாமல் போட்டால் சரி.

அன்புடன்,
நெடுநாள் வாசகர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு