கடைசியில் வந்த முதல் நட்சத்திரம்

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நகரக் கொடிகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். சிகாகோ கொடிக்கு ஒரு பத்தி ஒதுக்கி, படமும் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். ஆனால் 'நான்கு நட்சத்திரங்களோடு 1917-ல் ஏற்கப்பட்ட கொடி' என்ற வரி சரியில்லை. சின்னப் பிழைதான். இருந்தாலும் அந்தக் கொடியின் சுவாரசியமே அந்த இடத்தில்தான் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

1917 ஏப்ரலில் நகர மன்றம் ஏற்றுக்கொண்டபோது கொடியில் இருந்தவை இரண்டே நட்சத்திரங்கள். ஒன்று, 1871-ல் ஊரைச் சாம்பலாக்கிய பெருந்தீக்கு. இன்னொன்று, 22 வருடம் கழித்து அதே ஊர் நடத்திக் காட்டிய உலகக் கண்காட்சிக்கு. 1933-ல் மறுபடியும் ஒரு உலகக் கண்காட்சி நடந்தது, மூன்றாவது நட்சத்திரம் வந்தது. நான்காவது 1939-ல். அது எதற்கென்றால், 1803-ல் எழுந்த டியர்போர்ன் கோட்டைக்கு! ஊர் உருவாவதற்கு முன்பே இருந்தது என்பதால் கம்பத்தை ஒட்டி முதல் இடத்தை அதற்குக் கொடுத்துவிட்டார்கள். தாமதமாக வந்த பெரியவருக்கு எல்லோரும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்ட மாதிரி.

கொடிக்குத் துணி வெட்டித் தைப்பது என் தொழில். அதனால் என் கண் முதலில் போவது அந்த நட்சத்திரங்களின் முனைகளுக்குத்தான். வடிவமைத்த வாலஸ் ரைஸ் வேண்டுமென்றே ஆறு முனை வைத்தார். ஐந்து முனை நட்சத்திரம் நாடுகளுக்கும் மாநிலங்களுக்கும் உரியது, ஒரு நகரத்துக்கு அது வேண்டாம் என்பது அவர் எண்ணம். காரணம் அதுவாக இருக்கட்டும், தைக்கிறவனுக்கு அதில் இன்னொரு லாபம் உண்டு. ஒரு முனை மேலே பார்த்து நிற்கும் ஆறு முனை நட்சத்திரத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதே உருவம்தான். மேலும் கீழும் உள்ள நீலப் பட்டைகளும் ஒரே அளவு. ஆக, அவசரத்தில் யாராவது கொடியைத் தலைகீழாகக் கட்டினாலும் கண்டுபிடிக்க முடியாது! பின்னாலிருந்து பார்த்தாலும் அப்படியே. இதே இடத்தில் ஐந்து முனை நட்சத்திரம் இருந்திருந்தால் கட்டியவர் தவறு அன்றைக்கே ஊர் பூராவும் தெரிந்திருக்கும்.

பட்டைகளுக்கும் பொருள் உண்டு. மூன்று வெள்ளைப் பகுதிகள் நகரின் வடக்கு, மேற்கு, தெற்குப் பக்கங்கள். நீலம் இரண்டும் தண்ணீர்: மேலே மிச்சிகன் ஏரியும் ஆற்றின் வடகிளையும், கீழே தென்கிளையும் கால்வாயும்.

உங்கள் கட்டுரையாளர் 'எளிமைதான் வெற்றி' என்று முடித்துவிட்டார். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஐடஹோ மாநிலத்தின் பொக்கட்டெல்லோ நகரத்துக்கு 2001-லிருந்து இருந்த கொடியை நினைத்துப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு விளம்பர வாசகம், ஓரத்தில் பதிப்புரிமைக் குறி வேறு. 2004-ல் வட அமெரிக்கக் கொடியியல் சங்கம் 150 நகரக் கொடிகளை வைத்து எடுத்த கருத்துக்கணிப்பில் அதற்குக் கடைசி இடம். (முதலிடம் வாஷிங்டனுக்கு, சிகாகோ இரண்டாவது.) 2017-ல் புதுக் கொடி மாற்றிக்கொண்டார்கள். எழுத்துள்ள கொடி தைப்பவர் கையைக் கடிக்கும் என்பது எனக்கு அனுபவம். ஒற்றைத் துணியில் எழுதினால் மறுபக்கம் கண்ணாடியில் பார்த்த மாதிரி தெரியும். இரட்டைத் துணி வைத்துத் தைத்தால் கனம் ஏறி, லேசான காற்றுக்கு அசையவே அசையாது.

ஆனால் எளிமையான கொடிகள் உலகத்தில் எத்தனையோ இருக்கின்றன, எல்லாவற்றையுமா ஜனங்கள் உடம்பில் பச்சை குத்திக்கொள்கிறார்கள்? சிகாகோக்காரர்கள் குத்திக்கொள்கிறார்கள். என் கணிப்பில், அது முடிந்துபோன கொடியாக இல்லாததுதான் காரணம். அடுத்த நட்சத்திரம் எது என்று இன்னும் சண்டை போடலாம். முதல் கறுப்பின மேயர் ஹெரால்ட் வாஷிங்டன் 1987-ல் இறந்தபோது ஐந்தாவது அவருக்கு என்றார்கள். 2016 ஒலிம்பிக் போட்டி கிடைத்தால் அதற்கு என்றார்கள், அது ரியோவுக்குப் போய்விட்டது. 1942-ல் அணுப்பிளவுத் தொடர்வினையை மனிதன் முதன்முதலில் நிகழ்த்தியது அந்த ஊரில்தான், அதற்கும் ஒன்று கேட்டவர்கள் உண்டு. எதுவும் நடக்கவில்லை, நான்கோடு நிற்கிறது.

1939-ல் பழைய கொடிகளை வைத்திருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. முறைப்படி பார்த்தால் முதல் இடத்தில் ஒன்றை நுழைக்க மற்ற மூன்றையும் பிரித்து நகர்த்த வேண்டும். நானாக இருந்தால் வால் பக்கம் இடம் இருந்தால் அங்கே ஒன்றைத் தைத்துவிட்டு, 'முதலாவதுதான் புதுசு' என்று சொல்லிக் கொடுத்திருப்பேன். எல்லாம் ஒரே அச்சு, யாருக்குத் தெரியப் போகிறது?

அப்புறம் ஒன்று. நீங்கள் போட்ட படத்தில் நட்சத்திரங்கள் இரண்டு முக்கோணங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரி தடிமனாக இருக்கின்றன. அசலில் முனைகள் இன்னும் ஒல்லி, இன்னும் கூர்மை. திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
கொடி தைக்கும் ஒரு வாசகர்